கை காட்ட ஆளில்லாத ஊரில் லொறி

1

போன சனிக்கிழமை இங்குள்ள சுப்பர் மார்க்கெட்டின் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு வெள்ளைக்காரர் தன் வேனைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு இடைவெளி. வேன் கொஞ்சம் அகலம். என் கையில் இரண்டு பைகள், ஒன்றில் உருளைக்கிழங்கு, மற்றதில் முட்டை. இரண்டையும் நிலத்தில் வைத்தேன். வேனுக்குப் பின்னால் போய் நின்று, வலக்கையைத் தூக்கி, விரல்களை என் பக்கமாக மடக்கி மடக்கி, "வா, வா, வரட்டும், வரட்டும்" என்றேன்.

வேன் நின்றது. அந்த மனிதர் இறங்கி ஓடிவந்தார். ஏற்கெனவே வெள்ளையான முகம் இன்னும் வெளுத்திருந்தது.

"உங்களை இடித்துவிட்டேனா?"

"இல்லை. உதவி செய்கிறேன்."

"எதற்கு?"

நான் குனிந்து உருளைக்கிழங்குப் பையைத் தூக்கினேன். என் மகள் ஹனாவுக்குப் பதினாறு வயது. அவள் கொஞ்சம் தள்ளி நின்று, எனக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுபோல் ஒரு பிஸ்கட் பெட்டியின் பின்புறத்தை மிகக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தாள். முட்டைப் பையையும் தூக்கிக்கொண்டு நான் கிட்டப் போனபோது மெதுவாகச் சொன்னாள்: "வாப்பா, உங்களுக்குத்தான் இப்ப லொறி லைசன் கிடைச்சிட்டே. இன்னும் ஏன்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் குறிப்புகள்.

2

இலங்கையில் எங்கள் கல்முனைப் பஸாரில் தனியாக லொறியைப் பின்னுக்கு எடுத்த ஒரு மனிதரை யாராவது கண்டிருக்கிறீர்களா? நான் கண்டதில்லை. கியர் பின்னுக்கு விழுந்த சத்தம் கேட்டால் போதும், வெற்றிலைக்கடைக்காரர் எழும்புவார். பஸ்ஸுக்கு நின்றவர் பஸ்ஸை விட்டுவிட்டு வருவார். பாண்டிருப்புப் பக்கம் போவதற்கு முச்சக்கரவண்டியில் ஏறி உட்கார்ந்தவர்கூடத் தலையை வெளியே நீட்டி, "வலத்துக்குக் கிறுக்கு, இன்னும் கிறுக்கு" என்று ஸ்டேரிங்கைத் திருப்பச் சொல்வார். மூன்று பேர் மூன்று விதமாகக் கை காட்டுவார்கள். லொறி நாலாவது விதமாகப் போய் மதிலில் முட்டும். அந்தக் கணமே மூவரும் ஒரு கட்சியாகி, "செல்லச் செல்லக் கேக்காமப் போறான், பாருங்க" என்று சாரதியை ஏசிவிட்டுத் தத்தம் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

சாய்ந்தமருதில் இருந்த காலத்தில் நானும் இரண்டு வருடம் ஒரு சின்ன லொறி ஓட்டினேன். மருதமுனையில் நெய்த சாரன் கட்டுகளை ஏற்றிக் கடைகளில் இறக்குவது வேலை. அந்த லொறியின் இடப்பக்கக் கண்ணாடி எங்கோ விழுந்துபோனதை நான் ஒன்றரை மாதம் கழித்துத்தான் கவனித்தேன். வலப்பக்கக் கண்ணாடி இருந்தது. அதில் தலை வாருவேன்.

இந்த அனுபவத்தோடுதான், நாற்பத்திநாலு வயதில், இங்கிலாந்தில் பெரிய லொறி ஓட்டப் பழகப் போனேன். இரண்டு நாட்டிலும் வாகனம் ஒரே பக்கம்தான் ஓடுகிறது, பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும் என்று மனைவி றிஸானாவிடம் பெருமையடித்தேன்.

"மத்தப் பாதிதானே லொறி" என்றாள் அவள்.

3

ஏன் இந்த வயதில் இந்த ஆசை? ஆசையில்லை, தேவை.

இங்கு வந்து பதினொரு வருடமாகிறது. அதில் எட்டு வருடம் ஒரு கேக் தொழிற்சாலையில் பிற்பகல் வேலை. மதியம் இரண்டுக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடியும். ஞாயிறு மட்டும் ஓய்வு. ஹனா பள்ளிக்கூடத்திலிருந்து வருவது மூன்றரை மணிக்கு. நான் வெளிக்கிடும்போது அவள் பள்ளியில் இருப்பாள், திரும்பும்போது அவளுடைய அறைக்கதவு சாத்தியிருக்கும், காலையில் அவள் போகும்போது நான் நித்திரையில் கிடப்பேன். ஒரே வீட்டில் இருவேறு வாடகைக்காரர்போல இருந்தோம். அவள் கண்ணாடி போடத் தொடங்கியதும், தமிழை மெல்ல மெல்லக் கைவிட்டதும், என்னைவிட உயர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தெரியவந்த செய்திகள். இன்னும் ஒன்றரை வருடத்தில் பல்கலைக்கழகம் என்று வேறு ஊருக்குப் போய்விடுவாள்.

அப்போதுதான் எங்கள் தொழிற்சாலையில் லொறிகளுக்குப் பொறுப்பான டெபி என்ற பெண்மணி ஒரு இடம் காலியாகப் போகிறது என்றாள். விடியற்காலை ஐந்துக்குக் கேக் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், பிற்பகல் இரண்டுக்கு வேலை முடியும். மூன்று மணிக்கு வீடு. ஹனா வருவதற்கு அரை மணி நேரம் முன்னால்! "பள்ளிக் கோடை விடுமுறை தொடங்குமுன் லைசனோடு வந்தால் இடம் உனக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன்" என்றாள்.

உடனே விண்ணப்பம் போட்டேன். இங்குள்ள படிவங்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் உண்டு. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் ஏது? வாப்பாவின் பெயரான ஆதம்பாவாவை அந்தக் கட்டத்தில் போட்டிருந்தேன். மாட்டுவண்டியைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாமல் மௌத்தான என் வாப்பாவுக்கு, "மதிப்புக்குரிய திரு. ஆதம்பாவா, நீங்கள் இனி பதினெட்டுத் தொன் லொறி ஓட்டிப் பழகலாம்" என்று கடிதம் வந்தது. வாசித்துவிட்டு அவருக்காக ஒரு யாஸீன் ஓதினேன். இல்லாவிட்டால் மனிதர் கபுறில் பயந்துபோயிருப்பார்.

அதற்கு முன்னால் ஒரு மருத்துவப் படிவமும் இருந்தது. அதில், பகலில் உங்களை அறியாமல் நித்திரை வருவதுண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த றிஸானா, "வெள்ளிக்கிழமை குத்பாப் பேச்சில வாறதையும் எழுதுங்க. பொய் செல்லப்படா" என்றாள்.

எழுத்துப் பரீட்சைக்கு ஹனாதான் ஆசிரியை. அதில் ஒரு பகுதி, கணினித் திரையில் ஓடும் வீதியைப் பார்த்து, ஆபத்து உருவாகும் கணத்தில் பொத்தானை அழுத்துவது. கல்முனை–அக்கரைப்பற்று வீதியில் ஓடியவனுக்கு அந்தப் படத்தில் எங்கே ஆபத்து? மாடு இல்லை, எதிரே முந்திக்கொண்டு வரும் பஸ் இல்லை, நெல் காயப்போட்ட வீதியும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாப்பா! அந்தப் பொம்புள ரோட்டுல இறங்கப் போறா. அழுத்துங்க."

"இறங்கட்டுமே. நான் ஹோர்ன் அடிப்பன்தானே."

"ஸீரோ" என்றாள் ஹனா. அந்த ஞாயிறு முழுக்க எனக்கு அதுதான் பெயர். ஆனாலும் ஒரு மாதத்தில், எங்கோ தூரத்தில் யாரோ காரின் கதவைத் திறக்க நினைத்தாலே அழுத்துமளவுக்குத் தேறிவிட்டேன். எழுத்தில் பாஸ்.

4

லொறி பழக்கியவர் கொலின். வயது அறுபதைத் தாண்டியவர். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், பிஸ்கட் சாப்பிடுவார். முதல் நாள் வகுப்பு முடியும்போது ஒரு பெட்டி காலியாகியிருந்தது.

முன்னுக்குப் போவது எனக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. பின்னுக்கு வரும்போதுதான் தலை தன்பாட்டில் யன்னலுக்கு வெளியே போய்விடும்.

"யாரைத் தேடுகிறாய்?" என்றார் கொலின்.

"ஆளை."

"எந்த ஆளை?"

"யாராவது ஒரு ஆளை."

அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, லொறியில் ஆறு கண்ணாடிகள் இருப்பதை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நான் அவற்றை மரியாதையோடு பார்த்தேன். தலை வாரவில்லை.

லொறியோடு செய்யும் பரீட்சைகளில் முதலாவதே இந்தப் பின்னெடுப்பு. ஒரு பெரிய முற்றத்தில் கூம்புகளை வைத்து ஒரு வளைந்த பாதை. அதனூடே லொறியைப் பின்னுக்குக் கொண்டுவந்து, அதன் பின்புறம் ஒரு மஞ்சள் பெட்டிக் கோட்டுக்குள் இருக்கும்படி நிறுத்த வேண்டும். பெட்டிக்கு அப்பால் ஒரு கம்பம். முட்டினால் பெயில். இதில் தேறினால்தான் வீதியில் ஓட்டும் பரீட்சைக்கு விடுவார்கள்.

பரீட்சகர் ஒல்லியாக, உயரமாக, தலையில் தொப்பியோடு வந்தார். "மிஸ்டர் ஆதம்பாவா?" என்றார். பழக்கதோஷத்தில் வாப்பா வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார்.

நான் பிஸ்மி சொல்லிக் கியரைப் பின்னுக்குப் போட்டேன். வலப்பக்கக் கண்ணாடியில் பரீட்சகர் தெரிந்தார். லொறியின் பின்மூலைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். அன்றைக்கு நல்ல காற்று. அவர் வலக்கையைத் தூக்கினார்.

சொல்லுங்கள், லொறி பின்னுக்கு வருகிறது, ஒரு மனிதன் பின்னால் நின்று கையைத் தூக்குகிறான். இதற்கு என்ன அர்த்தம்?

அவர் தன் தொப்பியைக் காற்றுக்குப் பறக்காமல் அழுத்தி அழுத்திப் பிடித்தார். எனக்கு ஒவ்வொரு அழுத்தும் "வரட்டும், வரட்டும்" என்று கேட்டது. கண்ணாடி, கூம்பு, மஞ்சள் கோடு எல்லாவற்றையும் மறந்தேன். இத்தனை மாதமாக நான் தேடிய ஆள் கிடைத்துவிட்டான்! அவர் கையை மட்டுமே நம்பி வந்தேன். திடீரென்று தொப்பி பறந்தது. அவர் அதன் பின்னால் ஓடினார்.

எங்கள் பக்கத்தில் கை காட்டுகிறவர் பாதியில் போய்விட்டால், இடம் தாராளமாக இருக்கிறது, இனி நீயே பார்த்துக்கொள் என்று பொருள். நான் தாராளமாக வந்தேன். டங் என்றது. கம்பம் படுத்துவிட்டது.

"நீங்கள் கை காட்டினீர்களே" என்றேன்.

"நான் தொப்பியைப் பிடித்தேன்" என்றார், தொப்பியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே.

பிறகு நெடுநேரம் எழுதினார். கொலின் தூரத்தில் நின்று புதிய பிஸ்கட் பெட்டி ஒன்றை உடைப்பது தெரிந்தது. அடுத்த பரீட்சைக்கு நாள் கிடைத்தது விடுமுறைக்குப் பத்து நாட்களுக்கு முன்னால்தான். அதிலும் தவறினால் டெபியின் இடம் போய்விடும். வேறொருவர் பெயர் அவளுடைய மேசையில் ஏற்கெனவே கிடந்தது.

5

அன்று ஊருக்கு வட்ஸ்அப் எடுத்தேன். றிஸானாவின் உடன்பிறந்த காக்கா நஸீர், சம்மாந்துறை வயல்களிலிருந்து ஆலைக்கு நெல் ஏற்றும் லொறிச் சாரதி. என் மனவருத்தத்தை ஒரு தொழில்காரரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"என்ன மச்சான், பின்னுக்கு எடுக்கிறதுக்கும் ஒரு டெஸ்டா?"

"ஓம் மச்சான்."

"ஆரு பின்னால நிண்டு காட்டுற?"

"ஒருத்தரும் காட்டப்படா. தனியத்தான் எடுக்கோணும்."

"ஒருத்தரும் இல்லையா? அந்த ஊரில மனிசர் இல்லையாடா?"

தொப்பிக் கதையைச் சொன்னேன்.

"அந்த வெள்ளக்காரன் கையத் தூக்கினானா, இல்லையா?"

"தூக்கினார்."

"அப்ப பிழ அவருட. கையத் தூக்கினா பொறுப்பெடுக்கோணும். நீ முறைப்பாடு எழுதிப் போடு."

மனசுக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. சட்டத்துக்குத்தான் எடுபடாது.

"மனிசர் இல்லையாடா" என்று அவர் கேட்டதை இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதர் இருக்கிறார்கள், நல்ல மனிதர். தடுமாறி விழுந்தால் தூக்கிவிட ஓடிவருவார்கள். ஆனால் ஒருவன் தன் வாகனத்தைப் பின்னுக்கு எடுப்பது அவனுடைய சொந்த விஷயம், அதில் தலையிடுவது மரியாதையில்லை என்று நினைக்கிறார்கள். முதலில் இது எனக்கு ஈரமில்லாததாகப் பட்டது. பிறகு, எங்கள் ஊரின் ஒடுக்கமான ஒழுங்கையில் இருபது பேர் அன்போடு கை காட்டியும் நான் இடித்த மதில்களை நினைத்துப் பார்த்தேன். மூன்று.

6

ஞாயிறு பகல் சாப்பாட்டில் ஹனா முழுக் கதையையும் கேட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்து முடித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெரிய உத்தியோகத்தரைப்போலக் கேட்டாள்:

"வாப்பா, பின்னால நிக்கிறது ஒரு மரம் எண்டு நினைக்க ஏலாதா?"

"மரம் கையத் தூக்காதே மகள்."

"அப்ப பழகோணும். வாங்க."

ஞாயிறுகளில் பூட்டியிருக்கும் ஒரு பழைய கடையின் வாகனத் தரிப்பிடத்துக்கு எங்கள் சின்னக் காரை எடுத்துப் போனோம். ஹனா இரண்டு பால் போத்தல்களை நட்டு ஒரு இடம் குறித்தாள். பிறகு இடுப்பளவு மதிலுக்கு அந்தப்பக்கம் போய் நின்றாள், என்னை அவளும் முழுதாக நம்பவில்லை. ஒரே சட்டம்: அவள் என்ன செய்தாலும் நான் பார்க்கக்கூடாது, கண்ணாடிகளில் போத்தல்களை மட்டும் பார்க்க வேண்டும்.

அவள் "வா வா" என்று கை காட்டினாள். நான் போய் வேலிச் செடிக்குள் ஏறினேன். "நில்" என்று காட்டினாள். நின்றேன். மொத்தம் பன்னிரண்டு தடவை, பன்னிரண்டும் அவள் கையின் சொல்படி.

"எண்ட கைதான் டிரைவ் பண்ணுது. நீங்க சும்மா இருக்கீங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு றிஸானாவும் வந்தாள். நான் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தேன். ஹனா மதிலுக்கு அப்பால் ஒரு முழு நடனமே ஆடினாள், நான் பார்க்கவில்லை. அப்போது றிஸானா, "இஞ்ச பாருங்க, நிப்பாட்டுங்க!" என்றாள். கார் அந்த இடத்திலேயே நின்றது.

"உம்மா சொன்னாலும் நிக்கப்படா" என்றாள் ஹனா.

"பதினெட்டு வருசப் பழக்கம் மகள். ஒரு கிழமையில எப்பிடிப் போகும்?"

மூன்றாவது ஞாயிறு அவளுடைய பள்ளித் தோழிகள் இருவர் அந்தப் பக்கமாக வந்தார்கள். கதை முடிந்தது, இப்போது இவள் மதிலுக்குக் கீழே குந்திவிடுவாள் என்று நினைத்தேன். இவள் கையை ஆட்டுவதை நிறுத்தவில்லை. ஒருத்தி என்ன செய்கிறாய் என்று கேட்டதும், என் வாப்பா லொறிச் சாரதியாகப் போகிறார், அவரைக் குழப்பிப் பழக்குகிறேன் என்று இவள் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னதும் யன்னலால் கேட்டது. அடுத்த நிமிடம் மூன்று பிள்ளைகளும் மதிலுக்கு அப்பால் நின்று ஆறு கைகளையும் காற்றாடிபோலச் சுற்றினார்கள்.

நான் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், வலப்பக்கத்தைப் பார்த்தேன், மறுபடி இடப்பக்கம். பால் போத்தல் இரண்டும் நின்றபடி நின்றன. கார் நடுவில் நின்றது. ஹனா மதிலைத் தாண்டி வந்து இரு பக்கமும் பாதத்தால் அளந்துவிட்டு, "ஓகே" என்று ஒரே சொல்லில் முடித்தாள். கொலின் ஒரு முழு வருடம் பாராட்டியிருந்தாலும் எனக்கு அப்படி இருந்திராது.

7

இரண்டாம் பரீட்சை நாளில் மழை பெய்தது. அதே பரீட்சகர்தான் வந்தார். இந்த முறை தொப்பி இல்லை, குடை. "மிஸ்டர் ஆதம்பாவா?" என்றார். "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு அது விளங்கிவிட்டது.

கியரைப் போட்டேன். கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கறுப்புக் குடை அசைவது தெரிந்தது. மேலே போனது, கீழே வந்தது, ஒரு தடவை முழுசாகப் பின்பக்கம் மடிந்தது என்றும் நினைக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்க்கவில்லை. இடக் கூம்பு, வலக் கூம்பு, மஞ்சள் கோடு. ஒரு கட்டத்தில் கோணம் பிழைத்துவிட்டதுபோலிருந்தது. முன்னுக்கு ஒரு முழம் எடுத்து, நேராக்கி, மறுபடி வந்தேன். வாயில் என்ன ஓதினேன் என்று ஞாபகமில்லை. பிறேக்கை அழுத்திவிட்டு, டங் என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பரீட்சகர் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து யன்னலில் தட்டினார். "உள்ளேதான் நிற்கிறது. நல்லது" என்றார்.

"சேர், இன்றைக்கு நீங்கள் கை காட்டினீர்களா?"

"குடை பறக்கப் பார்த்தது. ஏன்?"

"நான் பார்க்கவில்லை" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக நான் எதையும் பார்க்காமல் இருந்ததில்லை.

ஒரு கிழமை கழித்து வீதிப் பரீட்சை. அதில் சொல்லும்படி ஒன்றுமில்லை. சைக்கிளில் போன ஒரு கிழவருக்குப் பின்னால் ஒரு மைல் தூரம் ஊர்ந்ததில் அவருக்கும் எனக்கும் ஒரு உறவே உண்டாகிவிட்டது. மிச்சமிருந்த ஒரு சின்னப் பரீட்சையும் முடிந்து, விடுமுறைக்கு ஒரு நாள் முன்னால் டெபியின் மேசையில் தாள்களை வைத்தேன். மற்றப் பெயரை அவள் குப்பைக்கூடையில் போட்டாள். அந்த மனிதருக்காகவும் ஒரு துஆச் செய்தேன்.

8

விடுமுறை முடியும்வரை எனக்குப் பழைய பிற்பகல் வேலைதான், ஹனா தோழிகளோடு அங்குமிங்கும் திரிந்தாள். பள்ளி மறுபடி தொடங்கிய முதல் திங்கட்கிழமைதான் நான் எதிர்பார்த்திருந்த நாள். விடிய நாலு மணிக்கு எழும்பி, கேக்குகளை ஐந்து ஊர்களில் இறக்கிவிட்டு, மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, சட்டை மாற்றி, மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் முன்னால் இருப்பதுபோல முன்னறையில் இருந்தேன். மூன்றரைக்குக் கதவு திறந்தது.

ஹனா என்னைக் கண்டு திடுக்கிட்டாள். "வாப்பா? சுகமில்லையா?"

"நல்ல சுகம். வேல முடிஞ்சி."

"ஆ, ஓம். மறந்திட்டன்" என்றாள். சிரித்தாள். பையோடு மாடிக்குப் போனாள். அறைக்கதவு சாத்தப்பட்டது.

எட்டு மாதப் படிப்பு, ஒரு கம்பம், கொலினின் எத்தனையோ பிஸ்கட் பெட்டிகள், எல்லாம் இந்தச் சாத்திய கதவைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதற்குத்தானா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு மேலேயிருந்து அவள் யாரோடோ தொலைபேசியில் ஆங்கிலத்தில் கதைப்பதும் சிரிப்பதும் கேட்டன. என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை. கதிரையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பின்நேர வெயில் யன்னலால் உள்ளே வந்து கிடந்தது. என் வீட்டில் அந்த நேரத்துக்கு வெயில் எங்கே விழும் என்பதையே அன்றுதான் நான் இருந்து கவனித்தேன்.

ஆறு மணிக்கு இறங்கிவந்தாள். குசினி வாசலில் நின்று, என்னை ஒரு விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, தேடித் தேடித் தமிழில் கேட்டாள்:

"வாப்பா, கிழமை நாளில நீங்க இரவைக்கு எத்தின மணிக்குச் சாப்பிடுற?"

றிஸானாவின் அகப்பை ஒரு நிமிடம் நின்றது. எட்டு வருடமாக நான் இரவைக்குச் சாப்பிட்டது, பெல் அடித்ததும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து.

"நீ எத்தின மணிக்கு?" என்றேன்.

"ஏழு."

"நானும் ஏழுதான்."

மணி ஆறேகால். விடிய நாலு மணிக்கு எழும்பிய வயிற்றில் பசி உயிரை வாங்கியது. அசையாமல் இருந்தேன்.